மக்காச்சோளத்தில் மரபணுக் கலப்பும் பரிசோதனையும்

அயல் உயிரியின் மரபணு ஆய்வுக்கூடத்தில் புகுத்தப்பெற்ற மக்காச்சோள இரகங்களின் மகரந்தமோ விதையோ, உழவர் பரம்பரையாகக் காத்துவரும் நாட்டு இரகங்களில் கலந்து, அம்மரபணு அவற்றின் சந்ததியிலும் தொடர்வது மரபணுக் கலப்பு எனப்படும். நெல், கோதுமை முதலிய தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்களைவிட மக்காச்சோளம் இதற்கு எளிதில் இடங்கொடுப்பதற்குக் காரணம் அதன் அமைப்பே. ஆண்பூங்கொத்து உச்சியிலும் பெண்கதிர் இலைக்கக்கத்திலுமாகப் பிரிந்திருக்க, காற்றில் வரும் மகரந்தம் கதிர்முனையில் தொங்கும் பட்டிழைகளில் படிந்து, இழைக்கு ஒரு மணியாகக் கருத்தரிக்கச் செய்கின்றது. ஆதலின் ஒரே கதிரில் அடுத்தடுத்து நிற்கும் இரு மணிகளுக்கு வெவ்வேறு செடிகள் தந்தையாதல் கூடும். மகரந்தத்தின் பெரும்பகுதி சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடினும், சிறுபகுதி நூற்றுக்கணக்கான மீட்டர் செல்வதுண்டு.

எவ்வுறுப்பைச் சோதிப்பது என்பதே முதற் கேள்வி. வயலில் நிற்கும் செடியின் இலை, அது முளைத்த விதையின் பிறப்பை, அதாவது சென்ற பருவத்துக் கலப்பையே காட்டும். இப்பருவத்தில் பக்கத்து வயலிலிருந்து வந்த மகரந்தத்தை அறுவடையான மணிகளில்தான் காணமுடியும். இவ்வேற்றுமையை மறந்து, இலையில் ஒன்றும் தென்படவில்லை என்று அவ்வாண்டு விதைக்கு நற்சான்று வழங்குவோர் பலர்.

சோதனை முறைகளுள் வீட்டிலேயே செய்யத்தக்கது சோதனைப் பட்டை. இலைத்துணுக்கையோ அரைத்த மணியையோ நீர்க்கரைசலில் குலுக்கி, பட்டையின் நுனியை அதில் நிறுத்தினால், சில நிமிஷங்களில் பட்டை செவ்வனே வேலை செய்ததைக் குறிக்கும் கோடு ஒன்றும், தேடிய புரதம் இருப்பின் இரண்டாவது கோடு ஒன்றும் நிறமேறும். ஆனால் புழுவைக் கொல்லும் ‘பி.டி.’ (Bt) புரதத்துக்கான பட்டை, களைக்கொல்லியைத் தாங்கும் புரதத்தைக் கண்டறியாது. புரதத்தை விடுத்து மரபணுவையே தேடுவது, 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட பாலிமரேஸ் சங்கிலி வினை. காலிபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த 35எஸ் என்னும் தூண்டுபகுதி பெரும்பாலான மாற்றப்பட்ட இரகங்களில் பொதுவாக இருப்பதால், அதுவே முதலில் தேடப்படும். எல்லா இரகங்களிலும் அது இல்லையாதலின், அதை மட்டும் தேடுவது போதாது.

இரசாயனத்தைக் காட்டிலும் சிரமமானது மாதிரி எடுப்பது. நூற்றுக்கு ஒரு மணி கலந்திருப்பின், அதை 95 சதவிகித உறுதியுடன் கண்டுபிடிக்க ஏறக்குறைய 300 மணிகள் வேண்டும். ஆயிரத்துக்கு ஒன்றாயின் 3,000 வேண்டும். அவற்றையும் இரண்டொரு கதிர்களிலிருந்து உதிர்த்தெடுத்தால் பயனில்லை. வயல் முழுவதிலும், குறிப்பாக அயல் வயலை ஒட்டிய ஓரவரிசைகளிலும், பல செடிகளிலிருந்து எடுத்தல் வேண்டும்.

இதன் முக்கியத்துவத்தை விளக்கும் வழக்கு, மக்காச்சோளத்தின் தாயகமாகிய மெக்சிகோவில் எழுந்தது. 1998 முதல் அந்நாட்டில் மாற்றப்பட்ட மக்காச்சோளம் பயிரிடத் தடை இருந்தும், வஹாக்கா மலைப்பகுதியின் நாட்டு இரகங்களில் அயல் மரபணு கலந்திருப்பதாக டேவிட் குவிஸ்ட், இக்னாசியோ சாப்பேலா ஆகிய இருவரும் 2001 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அரசாங்கக் கிராமக் கடைகளில் உணவுக்காக விற்ற அமெரிக்கத் தானியத்தை உழவர் விதைத்துப் பார்த்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் எழுந்தது. கடும் கண்டனங்களுக்குப் பின், அக்கட்டுரையை வெளியிடுவதற்குப் போதிய சான்று இல்லை என்று 2002 ஏப்ரலில் அவ்விதழே அறிவித்தது. அயல் மரபணு பயிரின் மரபுத்தொகுதியில் சிதறிக் கிடக்கிறது என்ற அவர்களுடைய இரண்டாவது வாதமே பெரிதும் பலவீனமானது. 2005-இல் வெளியான வேறோர் ஆய்வு, 125 வயல்களில் 870 செடிகளிலிருந்து எடுத்த 1,53,746 விதைகளைச் சோதித்து, கலப்பு ஒன்றும் அகப்படவில்லை என்றது. விதைகளின் தொகை மலைக்க வைப்பதாயினும், ஒரு தாய்ச்செடியின் மணிகள் ஒன்றுக்கொன்று உறவுடையன ஆகையால், உண்மையில் எண்ணத்தக்க மாதிரி அத்தனை பெரிதன்று என்ற ஆட்சேபம் எழுந்தது, அது நியாயமானதே. 2009-இல் மற்றொரு குழு, 2001-ஆம் ஆண்டு மாதிரிகள் சிலவற்றில் அயல் மரபணு இருந்ததை உறுதிசெய்தது.

அரைத்த விதையை மீண்டும் விதைக்க இயலாதாகையால், விதை காப்போர் ஒரு பகுதியை அரைத்துச் சோதித்து, சந்தேகம் எழுந்தால் எஞ்சியதை விதைத்துச் செடிக்குச் செடி இலையைச் சோதித்து, கோடு இரண்டு காட்டுவனவற்றை ஆண்பூங்கொத்து வெளிப்படுமுன் பிடுங்கிவிடுகின்றனர்.