படுக்கையிலிருந்து எழுந்த வைத்தியம்

குனிந்து ஒரு குடத்தைத் தூக்கிய மாத்திரத்தில் குறுக்குப் பிடித்துக்கொள்வதும், பின்னர் அவ்வலி பிட்டத்தின் வழியே இறங்கித் தொடை, கெண்டைக்கால், பாதம் வரை ஓடுவதும் நம் மக்களுக்குப் புதிய அனுபவம் அல்ல. 2020-ஆம் ஆண்டில் உலகமெங்கும் 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதனை முடக்கி உட்கார வைக்கும் நோய்களுள் இதுவே முதலிடம் பெறுகிறது. சொந்த ஊரைவிட்டு மும்பையிலும் தில்லியிலும் நாட்கூலிக்கோ மாதச் சம்பளத்துக்கோ உழைக்கும் நம்மவர்க்கு, “பதினைந்து நாள் படுத்திருங்கள்” என்று வைத்தியர் கூறும் சொல் எத்தகையது என்பதை விளக்க வேண்டுவதில்லை. அந்தச் சொல் வைத்திய சாஸ்திரத்தினுள் எவ்வாறு புகுந்தது, பின்பு எவ்வாறு வெளியேறிற்று என்பதே நாம் இப்போது காணப்புகும் வரலாறு.

நோய் மிகப் பழையது. சரகரும் சுசுருதரும் இதனைக் கிருத்ரசி என்று குறித்தனர். கிருத்ரம் என்பது கழுகு. நோயுற்றவன் நடை கழுகின் நடைபோல் ஆகிவிடுவதால் இப்பெயர் வந்தது என்பர். காலைத் தூக்கவொட்டாமல் தடுப்பது இதன் அடையாளம் என்று சுசுருதர் கூறுகிறார். இக்குறிப்பை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய் பூசுதல், வேது பிடித்தல், ஒற்றடம் என்பன அக்காலத்துச் சிகிச்சைகள். கிரேக்க நாட்டிலோ, இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல்களில், கூன் விழுந்த முதுகை நிமிர்த்த நோயாளியைப் பலகையிற் கிடத்தி இருபுறமும் கயிறு கட்டி இழுக்கும் முறை காணப்படுகிறது. ஏணியில் கட்டி உயரத்திலிருந்து விழவிடும் முறையும் உண்டு. அதனைக் கூட்டத்தை வியக்கவைக்கும் வித்தை என்று அந்நூலே இடித்துரைக்கிறது.

கால் வலி நரம்பில் எழுவதா, இடுப்பு மூட்டில் எழுவதா என்பது நெடுங்காலம் தெளியாதிருந்தது. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து டொமெனிகோ கொடுன்யோ 1764-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. அடுத்த நூற்றாண்டில் ஓர் எளிய சோதனை பிறந்தது. நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலை மேலே தூக்கினால், நரம்பு இழுபட்டு வலி காலில் பாயும். இதனை 1880-இல் செர்பிய நாட்டு லாசா லாசரேவிச் எழுதினார். 1881-இல் பாரிஸ் வைத்தியர் லசேகின் மாணவர் ஃபோர்ஸ்ட் தம் ஆசிரியர் முறையாக எழுதினார். சோதனைக்கு லசேகின் பெயரே நிலைத்துவிட்டது. லாசரேவிச்சையோ அவர் நாட்டினர் சிறுகதை ஆசிரியராகவே பெரிதும் அறிவர். சுசுருதர் சொன்ன அடையாளம் இதுவே என்று துணிந்துவிடுதல் மிகையாகும்; ஆயினும் இரு காலத்தாரும் நோயின் ஒரே இடத்தைத் தொட்டனர் என்பது தெளிவு.

இனிப் படுக்கைக்கு வருவோம். லண்டன் அறுவை வைத்தியர் ஜான் ஹில்டன் 1863-இல் நூல்வடிவில் வெளியிட்ட சொற்பொழிவுகளில், ஓய்வே உறுப்புகளை ஆற்றும் மருந்து என்று வற்புறுத்தினார். லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸ் அவ்வோய்வு இடையறாததாகவும் நீண்டதாகவும் இருத்தல் வேண்டும் என்றார். எலும்புருக்கி பற்றிய மூட்டுக்கும் முறிந்த எலும்புக்கும் அக்காலத்தில் இதனினும் மேலான வழி இல்லை; ஆகவே அவர்களைக் குறைகூற இயலாது. குறை, அந்த விதியை எல்லா முதுகுகளுக்கும் நீட்டியதில்தான் இருந்தது. 1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இருவரும், முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே கால் வலிக்குக் காரணமாகலாம் எனக் காட்டினர். கண்டுபிடிப்பு உண்மையானது. ஆனால் அதிலிருந்து, பிதுங்கியது உள்ளே திரும்பும்வரை அசையாது கிடக்க வேண்டும் என்ற முடிவுக்கு வைத்திய உலகம் எளிதில் தாவிற்று. மெத்தையின் கீழே பலகை, காலிலே எடை, வாரக்கணக்கில் படுக்கை என்று நோயாளிகள் கிடந்தனர். 1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர், படுக்கையினால் காலில் இரத்தம் உறைதலும் தசை மெலிதலும் எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழத்தலும் நேரும் என எச்சரித்தார். முதுகு வலிக்காரர்கள் மட்டும் இன்னும் நாற்பதாண்டு படுத்தே கிடந்தனர் எனலாம்.

இதற்கிடையில் மற்றோர் ஓடையும் ஓடிக்கொண்டிருந்தது. சுவீடனில் பேர் ஹென்ரிக் லிங் 1813-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கழகம் நிறுவினார். 1894-இல் லண்டனில் செவிலியர் நால்வர், உடல் பிடித்துவிடும் தொழிலுக்கு நன்மதிப்புத் தேடிச் சங்கம் அமைத்தனர். அதுவே 1944-இல் பிசியோதெரபி என்னும் பெயரைத் தாங்கிற்று. நம் நாட்டில், 1950-களின் தொடக்கத்தில், அன்றைய பம்பாயின் கே.இ.எம். ஆஸ்பத்திரியில், இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கிய குழந்தைகளின் தேவையை முன்னிட்டு, உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு இக்கலைக்குப் பள்ளி தோன்றியது. 1955-இல் அகில இந்தியச் சங்கமும் அமைந்தது. மின்வெப்பம், ஒலியலை, இழுவை, இடுப்புப் பட்டை எனக் கருவிகள் பெருகின. அவற்றைப் பற்றி இங்கு விரிப்பது வீண்.

கருவியின்றி நடந்த ஒன்றே இவ்வரலாற்றின் திருப்பம். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்ஸி என்னும் பிசியோதெரபி நிபுணரிடம், முதுகில் தொடங்கி முழங்கால் வரை வலி இறங்கிய ஒருவர் வந்தார். மூன்று வாரச் சிகிச்சையில் பயன் இல்லை. உள்ளே சென்று குப்புறப் படுக்குமாறு மெக்கென்ஸி கூறினார். முன்பு வந்த வேறொருவருக்காகக் கட்டிலின் ஒருபுறம் உயர்த்தப்பட்டிருந்தது. வந்தவர் அதை அறியாமல், முதுகு பின்னோக்கி வளைய, அப்படியே படுத்துவிட்டார். சில நிமிடம் கழித்து வந்த மெக்கென்ஸி திடுக்கிட்டார்; அன்று அந்நிலை ஆபத்தானதென்றே கருதப்பட்டது. நோயாளியோ மூன்று வாரத்தில் கால் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்றார். வலி காலை விட்டு ஏறி முதுகின் நடுவே ஒதுங்கியிருந்தது. காலின் வலி முதுகை நோக்கி ஏறுதல் நலம் பெறும் குறி என்று மெக்கென்ஸி பல்லாண்டு ஆராய்ந்து 1981-இல் நூல் செய்தார். எல்லோர்க்கும் ஒரே வளைவு பொருந்தாது. நோயாளியே அசைந்து பார்த்துத் தம் முதுகின் போக்கை அறியவேண்டும் என்பதே அவர் முறையின் சாரம்.

எனினும் வைத்திய உலகை அசைத்தது கணக்கு. 1986-இல் அமெரிக்காவில் டியோ முதலியோர், நரம்புப் பாதிப்பு இல்லாத 203 முதுகு வலிக்காரருள் ஒரு சாராரை இரண்டு நாளும் மறு சாராரை ஏழு நாளும் படுக்கச் சொன்னார்கள். குணம் ஒன்றே. வேலை இழந்த நாளோ முன்னவர்க்குச் சராசரி 3.1, பின்னவர்க்கு 5.6. கூலியை நம்பி வாழ்வோர்க்கு இந்த இரண்டரை நாளின் பொருள் தெரியும். 1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர் 186 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், வலி பொறுக்குமளவு வழக்கமான வேலைகளைச் செய்தவரே மற்றவரை முந்தினர். படுத்தவரும் பின்தங்கினர், முதல் நாட்களிலேயே பயிற்சி செய்யப் புகுந்தவரும் பின்தங்கினர். பயிற்சிக்கும் ஒரு பருவம் உண்டு. 1999-இல் நெதர்லாந்தில் கால் வலியுள்ள 183 பேரை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, இருவாரம் படுத்திருந்தோர், நடமாடியோர் ஆகிய இரு சாராரிலும் பன்னிரண்டு வாரத்தில் 87 விழுக்காட்டினர் தேறியிருந்தனர்.

நாட்பட்ட முதுகு வலிக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பயிற்சியையும், நோயைப் புரியவைத்தலையும், பிடித்துவிடுதலையும் ஏற்கிறது. இழுவை, ஒலியலை, இடுப்புப் பட்டை ஆகியவற்றை வழக்கமாகக் கைக்கொள்ள வேண்டாம் என்கிறது. பலகையில் கட்டி இழுத்த பழைய கலைக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

அறுவைக்கு இடம் இல்லாமற் போகவில்லை. 2007-இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் கண்டபடி, கடும் கால் வலிக்கு முன்கூட்டியே அறுவை செய்துகொண்டோர் விரைவில் தேறினர். ஓராண்டு முடிவில் காத்திருந்தோரும் அவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். ஆனால் வலியோடு சிறுநீர் கட்டிக்கொண்டாலும், மலசலம் அடக்கமின்றிப் போனாலும், உட்காரும் இடம் மரத்துப்போனாலும், பாதம் தூக்கமுடியாமல் தொங்கினாலும், படுக்கையும் பயிற்சியும் பேசப் பொழுதில்லை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.