போகும் நீரின் வழி: வீட்டுக் குளியலறைக் குழாய்களின் வரலாறு

வீட்டுக் குளியலறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நீர் வீட்டுக்குள் வந்த கதையையே எழுதுகின்றனர். கிணறு, கைப்பம்பு, தெருக்குழாய், மேல்நிலைத் தொட்டி என்று அந்தக் கதை வரிசையாக நடக்கிறது. ஆனால் குளியலறை வீட்டின் எந்த மூலையில் அமையலாம், அதன் தரை எவ்வளவு தாழ வேண்டும், பழைய அறையைப் புதுப்பிக்கும்போது எதை நகர்த்தலாம், எதை நகர்த்த முடியாது என்பவற்றையெல்லாம் தீர்மானித்தது வரும் நீரன்று, போகும் நீரே. அழுத்தத்தோடு வரும் நீர் மேலேயும் ஏறும், சுவரைச் சுற்றியும் திரும்பும். கழிந்த நீருக்கோ தன் எடையைத் தவிர வேறு உந்துதல் இல்லையாதலால் அது சரிவை மட்டுமே அறியும். அச்சரிவையும், அது செல்லும் குழாயிலிருந்து எதிர்த்து வரும் காற்றையும் மனிதர் புரிந்துகொண்ட விதமே இந்தத் தொழிலின் உண்மையான வரலாறு.

சரிவை அறிந்தவர்கள் மிகப் பழங்காலத்திலேயே இருந்தனர். மொகஞ்சதாரோ வீடுகளின் குளியல் மேடைகள் சுட்ட செங்கல்லால் நெருக்கமாகப் பாவப்பட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தெருவின் மூடிய கால்வாயோடு இணைந்தன. கீழடி அகழாய்வில் ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்களும் உறைகிணறுகளும் வெளிப்பட்டன. உரோமர்கள் ஈயத் தகட்டை உருட்டிக் குழாயாக்கினர்; ஈயத்தைக் குறிக்கும் ‘பிளம்பம்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தே இன்று தமிழகத்தின் எல்லா ஊர்களிலும் வழங்கும் ‘பிளம்பர்’ என்ற தொழிற்பெயர் பிறந்தது. ஈயக் குழாயைவிட மண்குழாயில் வரும் நீரே உடலுக்கு நல்லது என்று உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியதும் நினைவுகூரத் தக்கது. இவர்கள் எவருக்கும் தெரியாதிருந்தது ஒன்று உண்டு: கழிவுநீர் போகும் வழியாகவே கழிவின் காற்று திரும்பி வரும் என்பதும், அதைத் தடுக்கும் முறையும்.

அந்த முறையைக் கண்டவர் இலண்டனில் தொழில் செய்த ஸ்காட்லாந்துக் கடிகாரத் தொழிலாளி அலெக்சாண்டர் கம்மிங். 1775-இல் அவர் பெற்ற காப்புரிமையில், கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே குழாய் ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப் போல வளைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறை நீர் ஊற்றிய பின்னும் அந்த வளைவில் சிறிது நீர் தங்கி நிற்கும். அத்தேக்கமே குழாயின் காற்றை அறைக்குள் விடாமல் அடைக்கும் பூட்டாகிறது. இதனை நீர்ப்பூட்டு எனலாம். தொழிலாளர் வழக்கில் வளைவு ‘ட்ராப்’ என்றும், அதில் நிற்கும் நீர் ‘வாட்டர் சீல்’ என்றும் வழங்கும். தேய்ந்து கெடும் கதவோ, துருப்பிடிக்கும் வில்லோ இல்லாமல், அகற்ற வேண்டிய நீரின் ஒரு பகுதியையே காவலாக நிறுத்திய இந்த எளிமைக்கு ஈடான கண்டுபிடிப்பு வீட்டுக் கட்டுமானத்தில் அரிது.

எனினும் நீர்ப்பூட்டின் குறை வெளிப்பட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்ததன் பின்னர் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் இலண்டனுக்குப் பெருங்கழிவுக் கால்வாய்களை அமைத்தார். நகரம் தூய்மையடைந்தது, ஆனால் கால்வாயோடு இணைந்த ஒவ்வொரு வீடும், நகரின் கழிவுக் காற்றோடும் இணைந்துவிட்டது. 1871-இல் வேல்ஸ் இளவரசர் எட்வர்டு, ஸ்கார்பரோவில் ஒரு மாளிகையில் விருந்தினராகத் தங்கிய பின் டைஃபாய்டு கண்டு சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். உடன் தங்கிய ஒரு பிரபு இறந்தார். மாளிகையின் கழிவுக்குழாய்களே பழிக்கப்பட்டன. கெட்ட காற்றே நோய்களைப் பரப்புகிறது என்ற கொள்கை அன்று மருத்துவர் பலரிடமும் இருந்ததால், ‘குழாய்க் காற்று’ பற்றிய அச்சம் வசதிமிக்க குடும்பங்களைப் பிடித்தது. டைஃபாய்டு மாசுற்ற நீராலும் உணவாலும் பரவுவது என்பதால் அக்கொள்கை தவறானதே. ஆயினும் அத்தவறான அச்சந்தான், வேறெந்த அறிவுரையும் செய்யாத ஒன்றைச் செய்தது: வீட்டின் மறைவான குழாய்களைத் திறந்து, அவற்றுள் காற்று எவ்வாறு இயங்குகிறது என்று பார்க்க வைத்தது.

பார்த்தவர்கள் கண்டது இது. மேல்மாடியில் ஒருவர் நீரைத் திறந்துவிடும்போது, அது நிமிர்ந்த குழாயை நிரப்பிக்கொண்டு இறங்குகையில் தனக்குப் பின்னால் காற்றழுத்தத்தைக் குறைத்துச் செல்கிறது. அந்த இழுப்பில் வழியிலுள்ள ட்ராப்களில் நிற்கும் நீரும் உறிஞ்சப்பட்டுப் போகிறது. இறங்கும் நீருக்கு முன்னால் நெருக்குண்ட காற்றோ, கீழ்த்தளத்து ட்ராப்களின் நீரைக் குமிழியிட்டு மேலே தள்ளுகிறது. இரு வகையிலும் பூட்டு உடைகிறது. இதற்கு மருந்து, குழாய்க்குள் காற்று தாராளமாக வந்து போக வழி செய்வதே. கூரைக்கு மேலே திறந்த வாயோடு நிற்கும் ‘வென்ட் பைப்’ இவ்வாறு கட்டாயமாயிற்று. இலண்டன் பிளம்பரான ஸ்டீவன்ஸ் ஹெல்லியர் 1877-இல் வெளியிட்ட நூல் இந்த அறிவைக் கைத்தொழிலாளரிடம் கொண்டு சேர்த்தவற்றுள் ஒன்று.

சரிவுக்கும் அக்காலத்திலேயே கணக்கு வகுக்கப்பட்டது. குழாயின் விட்டம் எத்தனை அங்குலமோ அதைப் பத்தால் பெருக்கினால் வரும் நீளத்துக்கு ஒரு பங்கு சரிவு என்பது மகுவயர் விதி எனப்படும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி. ஆகவே கழிப்பறைக் கோப்பையை 10 அடி தள்ளி வைத்தால் குழாய் 3 அங்குலம் இறங்கியாக வேண்டும். சரிவு குறைந்தால் கழிவு தங்கும். மிக அதிகமானால் நீர் முந்தி ஓடிக் கழிவைப் பின்னே விட்டுச் செல்லும்.

சென்னையில் இவ்வறிவு வந்து சேர்ந்த வரிசை வேறு. கோட்டைக்கு நீர் தந்த ஏழு கிணறு அமைப்பு 1772-ஐச் சேர்ந்தது. செங்குன்றம் ஏரி நீர் 1872-இல் நகருக்கு வந்தது, ஆனால் திறந்த கால்வாயில், வடிகட்டப்படாமல் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளோடு கூடிய நீரகம் 1914-இல் இயங்கத் தொடங்கியது. நீர் இவ்வாறு படிப்படியாக வீட்டை நெருங்க, கழிவுக் குழாய் பின்தங்கியே வந்தது. குளிப்பது கிணற்றடியில், அந்த நீர் பாய்வது கொல்லையின் வாழைக்கும் தென்னைக்கும் என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடே. கழிப்பறைக்கு அவ்வாறு சொல்ல இயலாது. கொல்லைக் கடைசியில் இருந்த எடுப்புக் கக்கூசும் அதையொட்டிய பின்சந்தும் தூய்மை கருதி மட்டும் அமைந்தவையல்ல. மலம் அள்ளும் வேலை சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட மனிதர் வீட்டுக்குள் காலடி வைக்காமலே வந்து போக வேண்டும் என்பதற்காகவும் அமைந்தவை. பழைய வீட்டின் வரைபடத்தில் அழகைக் காண்போர் அந்தச் சந்தையும் சேர்த்துக் காண வேண்டும். எடுப்புக் கழிப்பறை கட்டுவதையும் அதற்கு ஆள் அமர்த்துவதையும் இந்தியச் சட்டம் தடை செய்தது 1993-இல்தான். சாக்கடைக்கும் கழிவுத்தொட்டிக்கும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது.

பாதாளச் சாக்கடையோ கழிவுத்தொட்டியோ வந்த வீடுகளில் முதலில் நிலைத்தது இரு குழாய் முறை. கழிப்பறைக் கோப்பையின் கழிவு ‘சாயில் பைப்’ வழியாக நேரே ஆய்வுத்தொட்டிக்குச் செல்லும். குளியல் நீர் ‘வேஸ்ட் பைப்’ வழியாக வெளியே வந்து ‘கல்லி ட்ராப்’ என்னும் இன்னொரு நீர்ப்பூட்டைக் கடந்த பின்னரே சாக்கடையைச் சேரும். குளியலறைத் தரையில் பதிக்கும் ‘நஹானி ட்ராப்’, குளியலிடத்தைக் குறிக்கும் மராத்திச் சொல்லின் பெயரால் வழங்குவது. இருபதாம் நூற்றாண்டின் இடையில் பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையம், கிளைக்குழாய்களின் நீளமும் சரிவும் வரம்புக்குள் இருந்தால் ஒரே நிமிர்ந்த குழாய் போதும் என்று காட்டியது; அடுக்குமாடிகளுக்கு இது வசதியாயிற்று. அடுக்குமாடியில் தன் கழிவுக்குழாய் கீழ்வீட்டின் தலைக்கு மேலே தொங்காமலிருக்க, குளியலறைத் தளத்தை ஏறத்தாழ ஓர் அடி தாழ்த்தி வார்த்து, அந்தப் பள்ளத்தில் குழாய்களைச் சரிவோடு பதித்து நிரப்பும் ‘சங்கன் ஸ்லாப்’ முறை பரவியது. படுக்கையறையோடு இணைந்த குளியலறை இவ்வாறே நடுத்தரக் குடும்பத்துக்கு வாய்த்தது.

பழைய குளியலறையைப் புதுப்பிக்கும் திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இவ்வரலாறே உணர்த்தும். டைல்ஸ் கடையிலிருந்து தொடங்கும் திட்டம் தலைகீழானது. நிமிர்ந்த குழாய் எங்கே நிற்கிறது, பள்ளம் எத்தனை அங்குலம், கோப்பையின் வாய் சுவருக்குள் போகும் ‘பி ட்ராப்’ வகையா, தரைக்குள் இறங்கும் ‘எஸ் ட்ராப்’ வகையா என்பவை முதலில் அளக்கப்பட வேண்டும். கோப்பையை நகர்த்தும் ஒவ்வோர் அடியும் சரிவுக் கணக்கில் பள்ளத்தின் ஆழத்தைத் தின்னும். புதிய குழாயைப் பதித்த பின், பள்ளத்தை நிரப்புமுன் அதில் நீர் கட்டிக் கசிவு பார்ப்பதற்கு ஆகும் ஓரிரு நாள்களைச் செலவென்று எண்ணக் கூடாது. வென்ட் பைப்பைப் பயனற்றதென்று அறுத்து மூடுவது, ஒன்றரை நூற்றாண்டு அனுபவத்தையே அறுத்து மூடுவதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் குழாய்க் காற்று அச்சத்தை மூடநம்பிக்கை என்று மருத்துவம் ஒதுக்கிய பின்னர், 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோர் சார்ஸ் நோய்க்கு ஆளாயினர். அங்குள்ளோர் குளியலறைத் தரையை நீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால் தரை ட்ராப்களில் நீர் வற்றியிருந்ததையும், காற்றிழுக்கும் மின்விசிறிகள் நிமிர்ந்த குழாயிலிருந்து கிருமியேறிய நுண்துளிகளை அவ்வழியே அறைகளுக்குள் இழுத்திருக்கக்கூடும் என்பதையும் விசாரணை எடுத்துக்காட்டியது. ஆளில்லாத அறையிலும் விருந்தினர் குளியலறையிலும் தரை ட்ராப் சில வாரங்களில் வற்றிவிடும். வாரம் ஒரு முறை அதில் ஒரு குவளை நீர் ஊற்றி வைத்தால் கம்மிங்கின் பூட்டு மீண்டும் பூட்டிக்கொள்ளும்.