பேட்டையும் பிள்ளைகளும்

1899 ஜூலையில், அமெரிக்க தேசத்திலேயே முதலாவதாக, சிறுவர்களுக்கென்று தனி நீதிமன்றம் ஒன்று சிகாகோவில் திறக்கப்பட்டது. அங்கே வந்த வழக்குகளைப் பற்றி, ஏழைக் குடியேறிகளின் நடுவே ஹல் ஹவுஸ் என்னும் சேவா நிலையத்தை நடத்திவந்த ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1909-இல் வெளியிட்ட நூலில் காணும் ஜாபிதா விசித்திரமானது: தண்டவாளத்தோரம் தீ மூட்டியது, ஓடும் ரெயிலின் ஜன்னல்களில் கல்லெறிந்தது, கைகாட்டி விளக்கை உடைத்தது, டிராம் வண்டியைத் தடம் புரளச் செய்தது, நாடகக் கொட்டகையில் நடிகர்களை உண்டிவில்லால் அடித்தது. இவற்றால் எவனுக்கும் காலணா லாபமில்லை. பகலெல்லாம் ஆலையில் ஒரே வேலையைச் செய்து மரத்துப்போன வாலிப உள்ளம், சாகஸத்துக்கு நகரம் வேறு இடம் வைக்காததால் தண்டவாளத்தைத் தேடிப் போயிற்று என்பது அம்மையாரின் கருத்து. நீதிபதிகள் எழுதிய தீர்ப்புகள் பலவற்றைவிட இது மேலான தீர்ப்பென்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்நூல் வெளிவந்த அதே ஆண்டில் வில்லியம் ஹீலி என்ற வைத்தியர் அந்நீதிமன்றத்துக்குத் துணையாக மனோதத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு பையனையும் தனித்தனியே பரிசோதித்தார். குற்றம் ரத்தத்தில் வருவது என்று அக்காலப் பண்டிதர்கள் அடித்துப் பேசியதற்கு அவர் சேர்த்த சான்றுகள் இடம் தரவில்லை.

பிற்பாடு, நன்னடத்தை அதிகாரியாக உத்தியோகம் பார்த்த கிளிஃபோர்டு ஷாவும் அவருடைய சகா ஹென்றி மெக்கேயும், ஆயிரக்கணக்கான சிறுவர்களின் வீடுகளை நகரப் படத்தில் புள்ளியிட்டுக் குறித்தபோது, ஆலைகளையும் கடைவீதியையும் ஒட்டிய பேட்டைகளிலேயே புள்ளிகள் நெருங்கிக் கிடந்தன. ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் குடியிருந்து போன வீடுகளில் இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்து புகுந்த பின்னும் பேட்டையின் கணக்கு மாறவில்லை. வெளியேறியவர்களின் பிள்ளைகளோ அந்தக் கணக்கில் குறைந்துகொண்டே வந்தார்கள். பையன்களில் பெரும்பாலோர் கூட்டாளிகளோடுதான் பிடிபட்டார்கள். சரக்கு வண்டியில் கைவைக்கும் வித்தையை மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். பழைய சாமான் வியாபாரி கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டான். பயந்து ஒதுங்கியவனைக் கூட்டம் கோழை என்றது, அந்தப் பட்டத்துக்கு முன்னால் போலீஸ்காரன் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

ஆகவே 1930-களில் ஷா, இரும்பாலைகளை அடுத்த ரஸ்ஸல் சதுக்கத்துப் போலந்துக்காரர் பேட்டையில் தொடங்கிய திட்டத்தில், வெளியார் உபகாரத்தை நம்பாமல், உள்ளூர்ப் பெரியவர்களையும், சிறை கண்டு திரும்பியவர்களையும்கூடத் துணைகொண்டார். சம்பளச் சமூக ஊழியர்களுக்கு இது ரசிக்கவில்லை.

கறுப்பின மக்களின் விஷயத்தில் மாத்திரம், குற்றம் பேட்டையைச் சேர்ந்தது, வெளியேறியவர்களின் பிள்ளைகளை அது விட்டுவிடும் என்ற ஷா, மெக்கே சித்தாந்தம் நொண்டியது. தென் மாநிலங்களிலிருந்து வந்த அக்குடும்பங்கள், கையில் பணம் சேர்ந்தாலும், அவர்களுக்கு வீடு விற்பதில்லை என்று வெள்ளையர் தமக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்களால் பேட்டையை விட்டுக் கிளம்ப முடியாமல் கிடந்தன. அவ்வொப்பந்தங்களை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததே 1948-இல்தான், அதாவது ஷாவும் மெக்கேயும் தங்கள் பெரிய நூலை வெளியிட்டு ஆறு ஆண்டுகள் கழித்து.