குற்றவியல் சட்டம், 1997 (அயர்லாந்து)

குற்றங்களைப் பெருங்குற்றம், சிறுகுற்றம் எனப் பிரித்த பழைய ஆங்கிலப் பொதுச் சட்ட வகைப்பாட்டை அயர்லாந்துக் குடியரசில் ஒழித்த சட்டம். பெருங்குற்றவாளியின் சொத்தைப் பறிமுதல் செய்யும் வழக்கம் 1870இலேயே நீங்கியது. அதன்பின் இந்தப் பிரிவினைக்குப் பொருளே குறைந்துபோனது. எடுத்துக்காட்டாக, பழைய முறையில் அற்பத் திருட்டு பெருங்குற்றம். பொய் சொல்லிப் பெருந்தொகை பறிப்பதோ சிறுகுற்றம்! பிடியாணையின்றிக் கைது செய்யும் அதிகாரமும் பெரும்பாலும் இந்த வகைப்பாட்டையே சார்ந்திருந்தது. அதற்குப் பதிலாகப் புதிய சட்டம், ஐந்தாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம் என்ற அளவுகோலை வைத்தது. நாடுகடத்தலுக்கு மாற்றாக 1853இல் வந்த தண்டனை ஊழியம், கடுங்காவல், கசையடி ஆகியவையும் நீக்கப்பட்டன. இங்கிலாந்து இவற்றை 1948இலும், குற்றப் பிரிவினையை 1967இலும் கைவிட்டிருந்தது. அயர்லாந்து வெகு தாமதம்.