சூறாவளியின் பலத்தைக் கடலுக்குள் தேடும் ஆர்கோ மிதவைகள்

2020 டிசெம்பர் 2 ஆம் திகதி இரவு ‘புரெவி’ சூறாவளி முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையைக் கடந்தது. இவ்வாறான சூறாவளி எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதிப் படங்கள் காட்டிவிடும். அது எவ்வளவு பலமடையும் என்பதைக் கணிப்பதுதான் கடினம். அதற்குக் கடலின் உள்வெப்பம் தெரிய வேண்டும்.

அதை நேரில் அளப்பவை ஆர்கோ மிதவைகள். இந்த உருளை வடிவக் கருவிகள் 1,000 மீற்றர் ஆழத்தில் நீரோட்டத்தோடு அலையும். சுமார் 10 நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் வரை இறங்கி, வெப்பநிலையையும் உவர்ப்பையும் அளந்தபடி மேலெழுந்து, தரவுகளைச் செய்மதிக்கு அனுப்பும். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இயங்குகின்றன.

உவர்ப்பை ஏன் அளக்க வேண்டும்? மழையும் கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளும் வங்காள விரிகுடாவில் சேர்க்கும் நன்னீர், பாரம் குறைந்ததால் மேலே படையாகத் தங்குகிறது. காற்று கடலைக் கலக்கினாலும் அடியிலுள்ள குளிர்நீர் எளிதில் மேலே வராது. சூடு தணியாத கடல் சூறாவளிக்குத் தீனியாகிறது.

ஆனால் மிதவைகளுக்கிடையே சராசரியாக 300 கிலோமீற்றர் இடைவெளி உண்டு. புதிய தரவு வர வர எதிர்வுகூறலும் மாறும். கடற்றொழிலாளர்கள் நேற்றைய அறிவித்தலை நம்பாமல், புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடைசி அறிவித்தலைப் பார்ப்பதே பாதுகாப்பு.