யாருடைய முகத்துக்கு அளவெடுத்தார்கள்?

1911 ஜனவரி. மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் நுரையீரல் பிளேக் கொத்துக்கொத்தாக உயிர்களை வாரிக்கொண்டிருந்தது. நோய் மூச்சுக்காற்று வழியாகவே பரவுகிறது, நோயாளியின் அருகில் போகிறவர்கள் முகத்தை மூடியே ஆக வேண்டும் என்றார் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென் தே. பிளேக் சிகிச்சையில் அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் மெனி அதை ஏற்கவில்லை. திறந்த முகத்தோடு நோயாளிகளைப் பார்த்த அவர், சில நாட்களிலேயே அதே பிளேக்குக்குப் பலியானார்.

வூ தந்த கவசம் எளிமையானது. காஸ் துணிக்கு நடுவே பஞ்சு. துணியின் இரு முனைகளையும் கீறி நாடாவாக்கித் தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இன்றைய மாஸ்க்குகளின் வடிகட்டும் திறன் அதற்குக் கிடையாது. ஆனாலும் அதற்கு சைஸ் என்று ஒன்று இல்லை. ஒடுங்கிய முகமோ அகன்ற முகமோ, அவரவர் இழுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

மாஸ்க்கைத் தொழிற்சாலையில் அச்சில் வார்க்கத் தொடங்கியபோது கதை மாறியது. ஒருமுறை அணிந்து எறியும் கிண்ண வடிவ மாஸ்க்குக்கு 1972-இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது 3எம் நிறுவனம். தூசியில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கானது அது. அச்சு என்றால் அளவு வேண்டும். யாருடைய அளவு?

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம், சுவாசக் கவசங்களைப் போட்டுப் பார்க்க 25 பேர் கொண்ட மாதிரிக் குழு ஒன்றை வகுத்தது. முகத்தின் நீளம், அகலம், வாயின் அகலம் ஆகியவையே அடிப்படை. அந்த அளவுகள் 1967, 1968-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விமானப்படையினரிடம் எடுக்கப்பட்டவை. உயரம், எடை எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளம் வயதினர் அவர்கள். அந்த முகங்களே பல பத்தாண்டுகளுக்கு எல்லா உழைப்பாளிகளின் முகமாகவும் கருதப்பட்டன.

அளவு தப்பினால் என்ன ஆகும்? மூச்சை உள்ளிழுக்கும்போது காற்று எளிதான வழியைத்தான் தேடும். மூக்குத்தண்டின் இரு பக்கமோ தாடைக்குக் கீழேயோ சிறு இடைவெளி இருந்தால், வடிகட்டியைத் தாண்டாமலே உள்ளே நுழைந்துவிடும்.

1980-களின் இறுதியில் அமெரிக்க மருத்துவமனைகளில் காசநோய் மீண்டும் தலைதூக்கியது. தொழிற்சாலை மாஸ்க் செவிலியரின் முகத்துக்கு வந்தது அதன் பிறகுதான். 1995-இல் என்95 என்ற தரம் பிறந்தது. சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சான்றிதழுக்காக மாஸ்க்கை மனித முகத்தில் மாட்டிச் சோதிக்க வேண்டியதில்லை! பொருத்தம் பார்ப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பாயிற்று. 1998-இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, ஆண்டுக்கொரு முறை ஃபிட் டெஸ்ட் செய்தாக வேண்டும் என்றது. மாஸ்க் அணிந்தவரின் தலையை ஒரு உறையால் மூடி, உள்ளே சாக்கரின் கரைசலைப் பனிபோலத் தெளிப்பார்கள். அவர் தலையைத் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், பேச வேண்டும். நாக்கில் இனிப்பு தட்டினால் தோல்வி. நோயாளியைத் தூக்கிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும் செவிலியருக்கு இதைவிட நியாயமான சோதனை இல்லை.

பழைய முக அளவுகளைச் சரிபார்க்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், சுவாசக் கவசம் அணியும் 3,997 பேரின் முகங்களை அளந்தது. லாஸ் அலமோஸ் வகுத்த எல்லைக்குள் 100-க்குச் சுமார் 15 பேர் அடங்கவில்லை. புதிய மாதிரிக் குழு 2007-இல் வெளியானது.

கோவிட் வந்தபோது முகத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவிலான இந்த இடைவெளி உயிர்ப் பிரச்சினையானது. முதலில் மாட்டிய மாஸ்க்கே பொருந்தியவர்களின் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு 40 முதல் 90 சதவீதம் வரை வேறுபட்டது. பெண்களிடமும் ஆசிய வம்சாவளியினரிடமும் தேர்ச்சி குறிப்பாகக் குறைவு என்று 2021-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொன்னது. உலக மருத்துவப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள். அப்படியானால் யாரை மனதில் வைத்து மாஸ்க் செய்திருக்க வேண்டும்? சோதனையில் தோற்றவரின் முகத்தில் குறை ஏதும் இல்லை. வேறு வடிவமும் சிறிய சைஸும் அவர் கைக்கு எட்டாததுதான் குறை.

தாடி இன்னொரு சிக்கல். மாஸ்க் விளிம்பு தோலில் ஒட்டாது என்பதால் மழித்துவிடச் சொல்வதே வழக்கம். மதநம்பிக்கையால் மழிக்க இயலாத பிரிட்டன் சீக்கிய மருத்துவர்கள் வேறு வழி கண்டார்கள். தாடி கலையாமலிருக்கச் சீக்கியர்கள் கட்டும் துணிப்பட்டையைப் போலவே, நெகிழும் ரப்பர் விரிப்பால் தாடியை மூடி உச்சந்தலையில் முடிந்து, அதன்மேல் மாஸ்க் அணிந்தார்கள். அப்படிச் சோதித்த 27 பேரில் 25 பேர் தேறினார்கள்.