மெயில் வருது... ஆனா போக மாட்டேங்குது! ட்ரிப் கிளம்பும் முன் பார்க்கவேண்டிய ஒரு செட்டிங்

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையில் இருக்கிறது அமிர்தி. சின்ன உயிரியல் பூங்கா, காட்டுக்குள் நடந்தால் அருவி. ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு போயிருந்தேன். அருவிக்குக் கிளம்பும் நேரத்தில் ஆபீஸிலிருந்து போன்: "அந்த ஃபைலை 5 மணிக்குள்ள அனுப்பிடு!"

ஃபைல் போனிலேயே இருந்தது. அனுப்பினேன், அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் புது மெயில்கள் வந்துகொண்டே இருந்தன. ஸ்கிரீனில் 'ரிலே அக்சஸ் டினைடு' என்று ஒரு வரி. அதாவது, சிக்னலில் கோளாறு இல்லை. 'நீ யாருன்னே தெரியாது' என்று சர்வர் கைவிரித்துவிட்டது.

ஏன் இப்படி?

மெயில் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. வருவதற்கு ஐமேப், போவதற்கு எஸ்.எம்.டி.பி. 1982-ல் எஸ்.எம்.டி.பி விதிகள் எழுதப்பட்டபோது, அதில் பாஸ்வேர்டு கேட்கும் ஏற்பாடே இல்லை. ஸ்பேம் ஆசாமிகள் புகுந்து விளையாட, 'எங்க நெட்வொர்க்கில் இருந்து வந்தா மட்டும் அனுப்புவோம்' என்று சர்வர்கள் கதவைச் சாத்தின.

தினமும் ஏறும் டவுன் பஸ்ஸில் கண்டக்டருக்கு நம் முகம் தெரியும். வேறு ரூட் பஸ்ஸில் பாஸைக் காட்டித்தானே ஆகணும்? வெளியூரில் மொபைல் டேட்டாவில் இருக்கும்போது அந்த பாஸ்தான் 'ஆதென்டிகேஷன்'. மெயிலை ஒப்படைப்பதற்கென்றே 1998-ல் 587 என்ற தனி போர்ட் வந்தது. யூசர்நேம், பாஸ்வேர்டு காட்டி அனுப்பும் முறை 1999-ல் வந்தது.

என்ன செய்யணும்?

ஜிமெயில் ஆப்பில் ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை, எல்லாம் தானாகவே நடக்கும். ஆபீஸ், காலேஜ் மெயிலை நீங்களே போனில் சேர்த்திருந்தால், 'அவுட்கோயிங் சர்வர்' செட்டிங்கைத் திறங்கள்.

* போர்ட் 25 என்றிருந்தால் மாற்றுங்கள். பல இன்டர்நெட் நிறுவனங்கள் அதை பிளாக் செய்கின்றன.
* 587 என்றால் 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்', 465 என்றால் 'எஸ்.எஸ்.எல்/டி.எல்.எஸ்'. உங்கள் சர்வருக்கு எது என்று ஐ.டி டீமிடம் கேளுங்கள்.
* 'ரிக்வயர் சைன்-இன்' ஆன் செய்து, முழு மெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள்.
* ஜிமெயிலை வேறு ஆப்பில் சேர்த்தால், கூகுள் சைன்-இன் வழியாகச் சேருங்கள். அந்த வசதி இல்லாத ஆப் என்றால், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்து 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' எடுக்கலாம்.
* லாட்ஜ் வைஃபையில் 'சர்டிஃபிகேட்' எச்சரிக்கை வந்தால் ஓகே தட்டாதீர்கள். 'செக்யூரிட்டி: நன்' பக்கம் போகவே போகாதீர்கள். உங்கள் பாஸ்வேர்டு அடுத்தவர் கைக்குப் போய்விடலாம்.

கடைசியாக ஒரு டெஸ்ட். கிளம்பும் முன் வைஃபையை ஆஃப் செய்து, மொபைல் டேட்டாவில் உங்களுடைய வேறொரு ஐடிக்கு ஒரு மெயில் போடுங்கள். போய்ச் சேர்ந்தால் நிம்மதியாக பஸ் ஏறலாம்.

அன்றைக்கு ஐ.டி டீமுக்குப் போன் போட்டு, போர்ட்டை மாற்றி, 4.50-க்குத்தான் என் மெயில் போனது. அமிர்தி அருவியை நண்பர்கள் எடுத்த போட்டோவில்தான் பார்த்தேன்!